சரிங்க என்று சொல்லாத வெள்ளிக்கிழமை

நடத்தைச் சீரமைப்பு வாரியத்தின் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் அவரை மூணாம் நம்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. ஒரு நாளில் அவர் வாயிலிருந்து வரும் சொற்களில் முக்கால்வாசி இரண்டே சொற்கள்தான்.

"நாளைக்கு வாங்க."

கண்ணாடியில் வெட்டியிருந்த அரைவட்ட ஓட்டைக்கு இந்தப் பக்கம், பதினோராவது முறையாக அந்த இரண்டு சொற்களையும் வாங்கிக்கொண்டு நின்றவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஊரில் பாதிக் கட்டடங்கள் அவர் தயவில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சட்டைப் பையில் டெஸ்டர், விரல் நகத்தில் கிரீஸ். அதிர்ந்து பேசத் தெரியாது. பேசினாலும் கடைசியில் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும்.

"சரிங்க," என்றார் லிஃப்ட்காரர்.

மூணாம் நம்பர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. டீ டம்ளரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். லிஃப்ட்காரர் வெளியே வந்து படியில் நின்றதும் அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கோபம் எப்போதும் அவருக்குப் படியில்தான் வரும். உள்ளே ஒரு நாளும் வந்ததில்லை.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். அதை டைப் அடித்தாகிவிட்டது. இயக்குநர் போன மாதமே கையெழுத்தும் போட்டுவிட்டார். மூணாம் நம்பரின் மேஜை மேல், அவர் முழங்கைக்கு அடியில், எல்லோரும் பார்க்கும்படி அது கிடந்தது. சீல் மட்டும் பாக்கி. சீல் மூணாம் நம்பரின் வலது கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அலுவலக வழக்கப்படி சீல் அடிப்பது அன்றைய கடைசி வேலை. கடைசி வேலை வருவதற்குள் அன்றைய நாள் முடிந்துவிடும்.

காகிதம் அவருடைய மகளுக்கு. ஏழு வயது. வீட்டில் குட்டிமா. அவளுக்குப் பேச்சு வரவில்லை. வேண்டியதை வேண்டும் என்று சொல்லத் தெரியாது. அது போகட்டும், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அதனால் தாங்க முடியாமல் போகும்போது தட்டு பறக்கும். அந்த வீட்டில் நசுங்காத தட்டு கிடையாது. லிஃப்ட்காரரின் மனைவி தட்டுகளைக் கழுவும்போது நசுங்கலைத் தடவிப் பார்த்து, இது செவ்வாய்க்கிழமை, இது கரண்ட் போன அன்னிக்கு என்று தேதி சொல்லிவிடுவார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனபோது பார்க்கப் போன இடத்தில்தான் அந்தச் சிறப்பு வகுப்பு அவர் கண்ணில் பட்டது. இரண்டாவது மாடி, ஆறு பிள்ளைகள், ஒரு டீச்சர். ஒரு இடம் காலியாக இருந்தது. டீச்சர் குட்டிமாவை இரண்டு வாரம் வைத்துப் பார்த்தார். அதற்கு முன்னால் பெற்றோர் இருவரையும் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தட்டு பறந்ததும் நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்றதுங்க? சாப்பாட்ட எடுத்துட்டு அவளக் கீழ இறக்கி விட்டுடுவோம்," என்றார் மனைவி.

"அவளுக்கு வேண்டியதே அதுதானே? அப்போ தட்டு நல்லாவே வேலை செய்யுது. நாமதான் சொல்லிக் குடுத்திருக்கோம், எறிஞ்சாத்தான் இறக்கி விடுவோம்னு."

பிறகு ஒரு நீல அட்டையைக் காட்டினார். சீட்டுக்கட்டு அளவு. ஒரு விரித்த கை, அதற்குக் கீழே பெரிதாக 'போதும்'.

"இத அவ உங்க கையில குடுத்தா அந்த நொடியே நிறுத்திடணும். இன்னும் ஒரே ஒரு வாய்னு கெஞ்சக் கூடாது. தட்ட எறிஞ்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருங்க. முகத்துல கோபமும் வேணாம், சிரிப்பும் வேணாம். மொத ரெண்டு மூணு நாள் முன்னைவிட ஜாஸ்தியா எறிவா. பயந்துடாதீங்க."

லிஃப்ட்காரர் கொஞ்சம் யோசித்தார். "லிஃப்ட் பொத்தான் மாதிரிங்களா?"

"எப்படி?"

"வர்ற லிஃப்டுக்கு ஒரு தடவதான் அமுக்குவாங்க. வரலன்னா ரெண்டு தடவ, அஞ்சு தடவ, அப்புறம் குத்துவாங்க, சில பேர் கதவ உதைப்பாங்க. அதுக்கு அப்புறந்தான் படி எங்கன்னு தேடுவாங்க."

டீச்சர் அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "அதேதாங்க. படி எங்க இருக்குன்னு நாம காட்டணும். அவ்வளவுதான் இந்த வேலை."

மூன்றாம் நாள் வரை தட்டு, டம்ளர், ஒரு செருப்பு எல்லாம் பறந்தன. ஒன்பதாம் நாள் குட்டிமா சாப்பாட்டுக்கு நடுவில் அட்டையை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். அம்மா நிறுத்தினார். குட்டிமா இறங்கிப் போய் ஜன்னல் பக்கம் நின்று ரோட்டைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் அழுதார். லிஃப்ட்காரர் கதவுக்கு வெளியே நின்று அழுதார்.

ஆனால் பிள்ளையைச் சேர்க்க வாரியத்தின் ஒப்புதல் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பட்டியல் மூடும். கடிதம் வராவிட்டால் அடுத்த பிள்ளைக்கு இடம் போய்விடும். "நான் பிடிச்சு வெக்க முடியாதுங்க," என்று டீச்சர் சொல்லியிருந்தார். "அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா இருக்காங்க." அவர் சொன்னதில் தப்பு சொல்ல இடமில்லை. அதுதான் லிஃப்ட்காரரை இன்னும் அலைக்கழித்தது.

அந்தத் திங்கட்கிழமை, பதினோராவது 'சரிங்க'வைச் சொல்லிவிட்டுப் படியில் நின்றபோது, இடிபோல் ஒருவர் உள்ளே நுழைந்தார். கவுண்டரில் உள்ளங்கையால் அறைந்தார். "எவன்யா இங்க இருக்கிறது? எத்தனை நாள் நடக்கிறது நான்? கண்ணாடிய உடைச்சிடுவேன்!" என்று கத்திய கத்தலில் சுவரில் இருந்த 'அமைதி காக்கவும்' பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. மூணாம் நம்பர் துள்ளி எழுந்தார். நாற்காலி வந்தது. டீ வந்தது. எட்டே நிமிடத்தில் இடிக்காரரின் காகிதத்தில் சீல் விழுந்தது.

பழுது பார்க்கிறவருக்கே உரிய பார்வையோடு லிஃப்ட்காரர் இதை நின்று கவனித்தார். கத்தினால் சீல். கத்தாவிட்டால் நாளை. வயரிங்கில் குழப்பமே இல்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

"இதத்தானே நான் ரெண்டு வாரமா தலைபாடா அடிச்சுக்கிறேன்?" என்றார் மனைவி. "எங்கண்ணன் ஒருத்தர் வந்து நின்னாப் போதும், இந்நேரம் பிள்ளை கிளாஸ்ல உக்காந்திருக்கும். எங்க, நீங்க ஒரு சத்தம் போடுங்க பார்ப்போம். ஏய்-னு சொல்லுங்க."

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். தோளை நிமிர்த்தினார்.

"ஏய்ங்க."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் லிஃப்ட்காரர் விடவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போன ஒன்பது மாடிக் கட்டடத்தின் மோட்டார் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, லிஃப்ட்காரர் இருபது முறை பழகினார். கடைசி நாலைந்து முறை 'ங்க' வரவில்லை. சந்தோஷமாக வாரியத்துக்குக் கிளம்பினார்.

அவருடைய நேரம், அன்றைக்குத்தான் வாரியத்தில் புதிய திட்டம் தொடங்கியது.

கூடத்தின் நடுவில் மைக்கோடு நின்றிருந்தார் இயக்குநர். நடத்தை அறிவியலில் அவர் கரைகண்டவர். எந்தக் கரை என்று யாரும் கேட்டதில்லை.

"மக்களே! இவ்வளவு காலமா நம்ம வாரியம் ஒரு பெரிய தப்பு செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கத்தினவங்களுக்கு வேலை செஞ்சு குடுத்தோம். அதனாலதான் கத்தல் வளர்ந்துச்சு. எதுக்குப் பலன் கிடைக்குதோ அதுதான் வளரும், இது விஞ்ஞானம். இன்னிலேர்ந்து கத்தினா எங்க ஊழியர்கள் பத்து நிமிஷம் நாற்காலியத் திருப்பிச் சுவரைப் பார்த்து உக்காந்துடுவாங்க. கவனம் கிடையாது, டீ கிடையாது, சீல் கிடையாது. இதுக்கு யாருக்கும் விதிவிலக்கு இல்ல, எனக்கும்தான். கத்தினவங்களுக்கு இனிமே வேலை நடக்காது. கத்தாதவங்களுக்கு முன்னாடியே நடக்கிறதில்ல. ஆக, இன்னியோட இந்த அலுவலகத்துல முழுச் சமத்துவம் வந்தாச்சு!"

ஊழியர்கள் கைதட்டினார்கள். லிஃப்ட்காரர் தொண்டை வரை வந்திருந்த சத்தத்தை விழுங்கிக்கொண்டார்.

"நாளைக்கு வாங்க," என்றார் மூணாம் நம்பர்.

"சரிங்க."

புதன்கிழமை அவர் போனபோது கூடத்தில் ஒரு முகம் கூடத் தெரியவில்லை. எட்டு கவுண்டரிலும் எட்டு முதுகுகள். விசாரித்ததில் விஷயம் இதுதான். யாராவது ஒருவர் கத்தினால் பத்து நிமிடம் வேலை செய்யாமல் சுவரைப் பார்த்து உட்காரலாம், அதுவும் உத்தரவுப்படி, என்பதை ஊழியர்கள் செவ்வாய்க்கிழமை மதியமே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கத்துகிறவருக்கு இருந்த மரியாதையே தனி. யாரும் கத்தாவிட்டால் ஊழியர்கள் கவலைப்பட்டார்கள். ஐந்தாம் நம்பர் தன் சொந்தத் தாய்மாமனையே காலையில் கூட்டி வந்து வரிசையில் நிறுத்தியிருந்தார். மாமாவுக்கு வாரியத்தில் எந்த வேலையும் இல்லை. ஆனால் நல்ல குரல்.

மாமா தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் நாற்காலிகள் திரும்பின. மூணாம் நம்பர் கண்ணாடி ஓட்டை வழியாகக் குனிந்து, இதுவரை இல்லாத பாசத்தோடு பேசினார்.

"சார், நீங்க ஒரு தடவ கத்துங்களேன். ராத்திரி சரியாத் தூக்கம் இல்ல எனக்கு."

லிஃப்ட்காரருக்குக் கை பரபரத்தது. இருபது முறை பழகியது வீண்போக வேண்டாமே. "சீல் அடிச்சுட்டீங்கன்னா கத்தறேங்க," என்றார்.

"அதெப்படிங்க? சீல் அடிச்சுட்டா உங்களுக்குக் கத்த என்ன காரணம் இருக்கு?"

மோட்டார் அறையை மனதில் நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "ஏய்!" என்றார். பாழாய்ப்போன நாக்கு பின்னாலேயே ஒரு சின்ன 'ங்க'வையும் வெளியே விட்டது. மூணாம் நம்பர் விதிமுறைக் கையேட்டைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மரியாதையோட இருந்தா கத்தல்ல சேராது சார். நாளைக்கு வாங்க."

"சரிங்க."

அன்று மாலை இயக்குநர் வெளியிட்ட அறிக்கையில், இரண்டே நாளில் கத்தல் நாலு மடங்கு கூடியிருப்பதாகவும், பிரச்சினை இவ்வளவு பெரியது என்று வாரியம் இல்லாவிட்டால் தெரியவே வந்திருக்காது என்றும், எனவே வாரியத்துக்கு இன்னும் முப்பது நாற்காலிகள், முடிந்தால் சுழல்கிறவையாக, தேவைப்படும் என்றும் சொல்லியிருந்தது.

வியாழக்கிழமை லிஃப்ட்காரரால் வீட்டில் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. வாரியம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் வாசலில் நடந்தார். கட்டை விரல் தானாகவே காற்றில் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது. கதவு திறந்ததும், மூணாம் நம்பர் வாயைத் திறப்பதற்குள், இயக்குநரே எதிரில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அவர்? வாங்க, வாங்க!"

நடந்துவிட்டது என்று நினைத்தார் லிஃப்ட்காரர். இயக்குநர் அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு தாளைக் காட்டினார். அதில் தேதி வாரியாகப் பதின்மூன்று தங்கநிறக் காகித நட்சத்திரங்கள் ஒட்டியிருந்தன.

"பதிமூணு தடவ வந்திருக்கீங்க. பதிமூணு தடவ 'நாளைக்கு வாங்க'ன்னு சொல்லியிருக்கோம். பதிமூணு தடவயும் 'சரிங்க'! நேத்து நடந்த சின்ன சறுக்கல விட்டுடுவோம், அதுலயும் மரியாதை இருந்துச்சு. கெட்ட நடத்தையத் தண்டிச்சு மட்டும் பிரயோஜனம் இல்ல, நல்ல நடத்தையப் பாராட்டணும். நாளைக்கு மேலிடத்துலேர்ந்து பார்வையிட ரெண்டு பேர் வர்றாங்க. ரெண்டு மணிக்கு விழா. முன்மாதிரிப் பொதுமக்கள் விருது உங்களுக்குத்தான்."

"ரொம்ப சந்தோஷங்க. ஐயா, அந்த லெட்டருக்கு ஒரு சீல் மட்டும்..."

இயக்குநர் முகத்தில் ஒரு தகப்பனின் வருத்தம் தெரிந்தது. "லெட்டரக் குடுத்துட்டா நீங்க வர மாட்டீங்களே!"

"வர மாட்டேங்க."

"பார்த்தீங்களா? இப்படி ஒரு அருமையான நடத்தை அதோட நின்னு போயிடும். பதிமூணு நாளாப் பாடுபட்டு வளர்த்திருக்கோம். ஒரு சீலுக்காக அத அழிக்கச் சொல்றீங்களா?"

வெளியே வந்தபோது பதினான்காவது நட்சத்திரத்தை மூணாம் நம்பர் தயாராக வைத்திருந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். லிஃப்ட்காரரும் சொன்னார். நட்சத்திரம் ஒட்டப்பட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் குட்டிமாவுக்குச் செருப்பு மாட்டிவிடப் பார்த்தார் லிஃப்ட்காரர். அவசரத்தில் இழுத்ததில் வார் இறுகிவிட்டது. அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு நீல அட்டையை அவர் கையில் வைத்தாள். அந்த நொடியே விட்டுவிட்டார். அட்டையைச் சட்டைப் பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, மணியைப் பார்த்து, காலில் வெந்நீர் கொட்டியவர்போல ஓடினார். "மூணரைக்கு நானும் அவளும் கிளாஸ் வாசல்ல நிப்போம்," என்று மனைவி பின்னாலிருந்து கத்தினார். "காகிதத்தோட வாங்க. சும்மா வந்து சரிங்க, சரிங்கன்னு நிக்காதீங்க!"

விழா இரண்டு மணிக்குத் தொடங்கவில்லை. இரண்டே முக்காலுக்குத் தொடங்கியது. இயக்குநர் பேசினார். நடத்தை என்பது என்ன என்று பேசினார். எந்த நடத்தையும் தானாக நிலைப்பதில்லை, அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் தெரியாமல் தீனி போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று பேசினார். அந்தத் தீனியைக் கண்டுபிடிப்பதுதான் வாரியத்தின் உயிர்மூச்சு என்று பேசினார். லிஃப்ட்காரர் மேடையில் மாலையோடு உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து. மூன்று இருபது. அடுத்த பிள்ளைக்கு அதன் அம்மா இந்நேரம் தலை வாரிக்கொண்டிருப்பாள்.

"இப்போ, நேரடிச் செயல்விளக்கம்!" என்றார் இயக்குநர்.

மூணாம் நம்பரின் மேஜையையே மேடைக்குத் தூக்கி வந்தார்கள். அதில் கடிதம், சீல், ஸ்டாம்ப் பேட், டீ டம்ளர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. லிஃப்ட்காரரின் கையில் பதினான்கு நட்சத்திரத் தாளையும், ஒட்டுவதற்குப் புது நட்சத்திரங்களையும் கொடுத்தார்கள். ஊழியர்கள் எல்லோரும் தங்கள் நாற்காலிகளை மேடைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் பார்வையிட வந்த இருவர் நோட்டுப் புத்தகத்தோடு இருந்தார்கள். லிஃப்ட்காரர் மேஜைக்கு எதிரே நின்றார். நடுவில் கண்ணாடி இல்லாமல் மூணாம் நம்பரை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மூணாம் நம்பர் மைக்கில் சொன்னார்: "நாளைக்கு வாங்க."

சொல்லிவிட்டு, பழக்கத்தில், கையை டீ டம்ளர் பக்கம் நகர்த்தினார். ஆனால் எடுக்கவில்லை. காத்திருந்தார்.

லிஃப்ட்காரர் அந்தக் கையைப் பார்த்தார். தன் கையில் இருந்த பதினான்கு நட்சத்திரங்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் பழுது எங்கே என்று பிடிபட்டது. நாளைக்கு வாங்க என்பது தட்டு. அதை எறிந்ததும் இவர் 'சரிங்க' என்று சொல்லி, வேலையை எடுத்துக்கொண்டு, அந்த மனிதரை இறக்கி விட்டுவிடுகிறார். பதினான்கு நாள் எறிந்த தட்டுக்குப் பதினான்கு நாளும் தீனி போட்டவர் வேறு யாருமில்லை. இந்தப் பொத்தானுக்கு இத்தனை நாள் கரண்ட் கொடுத்தது நான்தானா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவர் வாயைத் திறக்கவில்லை. பையிலிருந்து நீல அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"போதும்," என்று மூணாம் நம்பர் மைக்கில் எழுத்துக்கூட்டி வாசித்தார். "இது என்ன சார்? எங்க கையேட்டுல இந்த மாதிரி எதுவும் இல்லையே?"

லிஃப்ட்காரர் சும்மா நின்றார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"நாளைக்கு வாங்க," என்றார் மூணாம் நம்பர் மறுபடியும். பதில் வரவில்லை. "நாளைக்கு வாங்க சார்." வரவில்லை. "நாளைக்கு. வாங்க." கொஞ்சம் கெஞ்சலாக, "நாளைக்குத்தான் வாங்களேன்." பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கு வாங்கன்னு சொல்றேன்ல?" லிஃப்ட்காரர் எண்ணிக்கொண்டே நின்றார். இப்போது குத்துவார். அடுத்து உதைப்பார். ஒன்பதாவது முறை மூணாம் நம்பர் எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "நாளைக்கு வாங்கய்யா!" என்று கத்தினார்.

கத்தல் என்றால் கத்தல்தான். விதி விதிதான். ஊழியர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். யாருக்கும் விதிவிலக்கு இல்லை என்று தானே சொன்னதால் இயக்குநரும் தன் மைக்கைப் பிடித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். பார்வையிட வந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துத் தாங்களும் திரும்பிச் சுவரைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள்.

கூடம் முழுக்க முதுகுகள். நடுவில் மூணாம் நம்பர் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார். ஸ்டாம்ப் பேடைத் தூக்கி எறிந்தார். அது லிஃப்ட்காரரின் நெஞ்சில் பட்டு, சட்டையில் பெரிய ஊதா வட்டம் போட்டு, கீழே விழுந்தது. லிஃப்ட்காரர் அசையவில்லை. தட்டுக்கும் செருப்புக்கும் அசையாமல் நின்று பழகிய ஆள் அவர்.

மணி மூன்று முப்பத்தாறு. மூணாம் நம்பருக்கு மூச்சு வாங்கியது. தொப்பென்று உட்கார்ந்தார். டம்ளரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு மைக் இல்லாத, வீட்டுக் குரலில் கேட்டார்.

"என்னதாங்க வேணும் உங்களுக்கு?"

பதினைந்து நாளில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சீல்ங்க," என்றார் லிஃப்ட்காரர்.

மூணாம் நம்பர் சீலை எடுத்தார். பேட் தரையில் கவிழ்ந்து கிடந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, லிஃப்ட்காரரின் சட்டையில் இன்னும் காயாமல் இருந்த ஊதா வட்டத்தில் சீலை ஒரு அழுத்து அழுத்தி, கடிதத்தில் அடித்தார். நேராக, தெளிவாக விழுந்தது.

நல்லது செய்தால் அந்த நொடியே பாராட்ட வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். லிஃப்ட்காரர் கையிலிருந்த நட்சத்திரங்களில் ஒன்றைப் பிரித்து மூணாம் நம்பரின் சட்டைப் பையில் ஒட்டினார். "ரொம்ப நல்லாப் பண்ணீங்க சார்." இருபத்தாறு வருட சர்வீசில் யாரும் மூணாம் நம்பருக்கு எதையும் ஒட்டியதில்லை. அவர் தலையைக் குனிந்து அந்த நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்று சுவரைப் பார்த்து இயக்குநர் கேட்டார். பதில் சொன்னால் கவனம் கொடுத்ததாகிவிடும் என்பதால் யாரும் சொல்லவில்லை.

நீல அட்டைகளுடன் வருவோர் வாசலிலேயே தடுக்கப்படுவர் என்று வாரியம் பிற்பாடு சுற்றறிக்கை விட்டது. மூணாம் நம்பர் இன்னொரு நட்சத்திரம் கிடைக்குமா என்று நாள் முழுக்க சீல் அடித்துத் தள்ளியதால் அவரைப் பதிவேட்டு அறைக்கு மாற்றியதும் பிற்பாடுதான். அன்றைக்கு இதையெல்லாம் பார்க்க லிஃப்ட்காரருக்கு ஏது நேரம்? கடிதத்தை ஒரு கையிலும் அட்டையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, மாலையோடு, இரண்டு தெருவையும் ஓடியே கடந்தார்.

இரண்டாவது மாடிப் படியில் கால் வைத்தபோதே குட்டிமாவின் அலறல் கேட்டது. வகுப்பு வாசலில் ஒரு செருப்பு கிடந்தது. மனைவியின் தலை கலைந்திருந்தது. ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பையைக் கவிழ்த்துத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அட்டைய எங்கங்க வெச்சீங்க? ரெண்டு மணியிலேர்ந்து பிள்ளை தேடுது! வாய் இல்லாத பிள்ளைகிட்டேர்ந்து வாயையும் பிடுங்கிட்டுப் போயிட்டீங்களே!"

சுருக்கென்றது அவருக்கு. ஊருக்கெல்லாம் 'போதும்' சொல்லப் போனவர், அதற்கு உரியவளை வெறுங்கையோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மண்டியிட்டு அட்டையை நீட்டினார். குட்டிமா அதைப் பிடுங்கி அம்மாவின் கையில் வைத்து அழுத்தினாள். அம்மா அந்த நொடியே பிடியை விட்டார். அலறல் நின்றது. குட்டிமா சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். அம்மா அட்டையை அவள் உள்ளங்கையில் திருப்பி வைத்தார்.

டீச்சர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். ஊதா சீலையும் ஊதா சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பதிவேட்டைத் திறந்து குட்டிமாவை ஆறு பிள்ளைகளோடு ஏழாவதாக எழுதினார். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

அதற்கு அப்புறம் லிஃப்ட்காரருக்கு வாய் திறந்துகொண்டது. எப்படித் திறந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "ஒன்பது தடவ சொன்னான்! நான் அசையலையே! எல்லாரும் சுவரப் பார்த்துத் திரும்பிட்டாங்க, அந்த இயக்குநர் இருக்கானே, அவனும்!" என்று மாலை ஆட, கை ஆட, மாடிப்படி அதிரக் கத்தினார். ஒரு இடத்தில் கூட 'ங்க' இல்லை. இதே மனிதரா என்று மனைவி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "ஸ்டாம்ப் பேட எடுத்து எறிஞ்சான் பாரு, நேரா இங்க..."

அவருடைய கைக்குள் ஏதோ வந்து உட்கார்ந்தது. குனிந்து பார்த்தார். நீல அட்டை. குட்டிமா ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிச் சொல்லில் வாயை மூடினார்.

"சரிங்க," என்றார் மகளிடம்.